பிள்ளைகளோடு பாட்டு கட்டுவது எப்படி? புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கு

பாட்டு கட்ட ஆசைப்படும் பெற்றோர் முதலில் செய்யும் தவறு, அதற்கென்று உட்காருவதுதான். பிள்ளை தூங்கியதும் ஒன்பதரைக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைக்கும், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பல்லவியாவது முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவோம். அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் வராது. வந்தாலும், பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கிற சாக்கில் நாமும் பக்கத்திலேயே தூங்கிப்போய், நடுராத்திரியில் கழுத்து வலியோடு எழுந்து விளக்கை அணைப்போம். நான் இப்படியே ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஓட்டினேன். அந்தக் காலத்தில் ஒரு பாட்டுகூட முடியவில்லை.

அப்புறம்தான் முறையை மாற்றினேன். ஒரு மணி நேரம் கிடைக்காது, ஆனால் ஐந்து நிமிடம் ஒரு நாளைக்குப் பத்து தடவை கிடைக்கிறது. பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, தண்ணீரை விட்டு வெளியே வரமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடிக்க நாம் குளியலறை வாசலில் துண்டோடு நிற்கும்போது. எந்த நிமிடத்தில் யார் கூப்பிட்டாலும் பாதியில் போட்டுவிட்டு ஓடலாம், மூன்று நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம், அப்படி வேலையைத் துண்டு துண்டாக்கிக்கொள்வது எப்படி என்றுதான் இங்கே சொல்லப் போகிறேன். சங்கீதம் முறையாகப் படித்திருக்க வேண்டியதில்லை. மெட்டு பிசகாமல் நாலு பாட்டு முணுமுணுக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் எதையும் வாங்காதீர்கள்

கையில் இருக்கும் போனும் அதிலுள்ள குரல் ரெக்கார்டரும் முதல் மூன்று நான்கு பாட்டுக்குத் தாராளம். மைக், கீபோர்டு, கிட்டார் எல்லாம் அப்புறம். வாங்கி வைத்த பொருள் மூலையில் இருந்துகொண்டு "என்ன, இன்றைக்கும் தொடவில்லையா?" என்று கேட்கிற மாதிரியே இருக்கும், அந்தக் குற்ற உணர்ச்சி நமக்கு எதற்கு?

பிடித்துப் போடுவது

மெட்டு வந்த நிமிடமே பதிவு செய்யுங்கள். காலையில் ஞாபகம் வரும் என்று நினைக்காதீர்கள், வராது. ரெக்கார்டரை போனின் முதல் திரையிலேயே வைத்துவிட்டால் ஈரக்கையோடும் ஒரு விரலால் தட்டலாம். இருபது வினாடிக்குமேல் பாட வேண்டாம். நீளமாகப் பாடி வைத்தவற்றைத் திரும்பக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது, பாடியவருக்கே இருக்காது.

பதிவுகளுக்கு போன் தானாக வைக்கும் பெயர்களை அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் "பதிவு 47", "பதிவு 48" என்று குவிந்து, எது எது என்றே தெரியாது. தேதி போட்டு, பாட்டின் முதல் சத்தத்தைச் சேர்த்து, எந்த மனநிலை என்று ஒரு சொல் போதும்: "12 மார்ச், தன்ன தான, குதியாட்டம்". பதிவின் கடைசி இரண்டு வினாடியில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பேச்சாகவே சொல்லிவிடுங்கள். "ரெண்டாவது வரி கீழே இறங்கணும்", "சரணத்துக்கு வேற மெட்டு வேணும்", இவ்வளவுதான். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். மூன்று நாள் கழித்துக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் நாலு நிமிடத்தை, எங்கே விட்டோம் என்று யோசிப்பதிலேயே கழிக்காமல் காப்பாற்றுவது இந்த ஒரு வரிதான்.

ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு நாளில் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரப் பதிவுகளைக் கேட்டு, பிடித்த ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். அழிக்க மனசு வராது. அழியுங்கள்.

சொல் முதலா, மெட்டு முதலா?

இரண்டு வழியும் உண்டு. ஆனால் பெற்றோருக்கு நான் மெட்டைத்தான் முதலில் சொல்வேன், காரணம் ரொம்பச் சாதாரணமானது. சொல் எழுதக் கை வேண்டும், மெட்டுக்கு வாய் போதும். கை எப்போதும் எதிலாவது மாட்டிக்கொண்டிருக்கும்.

மெட்டுக்குள் அர்த்தமுள்ள சொற்களை உடனே திணிக்காமல் தத்தகாரத்தில் பாடுங்கள். தன்னா, தானா, தனன என்று பொருளில்லாத அசைகளால் மெட்டின் நீளத்தையும் அழுத்தத்தையும் பிடித்து வைக்கும் முறை இது. சினிமாவில் இசையமைப்பாளர் இப்படிப் பாடிக் கொடுக்க, பாடலாசிரியர் அதற்குச் சொல் பொருத்துவது நெடுநாளைய வழக்கம். வீட்டில் அந்த இரண்டு பேரும் நாமேதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் கிளம்பும் அவசரத்தில் மகளின் ஒரு சாக்ஸ் காணவில்லை. நான் தேடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் நிதானமாக, "அது மத்த சாக்ஸோட சண்டை போட்டுக்கிட்டுப் போயிருக்கும்ப்பா" என்றாள். அன்றைக்கு என் வாயில் ஓடிக்கொண்டிருந்த மெட்டு "தன்ன தான தன்ன தான". மாலைக்குள் அது இப்படி ஆனது:

ஒத்த சாக்ஸு எங்க போச்சு
மெத்தை கீழ எட்டிப் பாரு

"தன்ன" வரும் இடத்தில் ஒத்த, எங்க, மெத்தை, எட்டி. "தான" வரும் இடத்தில் சாக்ஸு, போச்சு, கீழ, பாரு. கவிதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சரி, ஆனால் மெட்டில் ஒட்டி உட்காருகிறது, ஐந்து வயதுக் குழந்தை ஒரு தடவை கேட்டதும் திருப்பிப் பாடுகிறது. ஒத்த, மெத்தை என்று இரண்டு வரியின் தொடக்கத்திலும் இரண்டாம் எழுத்து ஒத்துப்போவது எதுகை. வரி முடிவில் ஒலி ஒத்துப்போவது இயைபு. புதிதாக எழுதுபவர்கள் இயைபுக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டு, வரி முடிவில் சம்பந்தமில்லாத சொல்லை இழுத்து வருவதை நிறையப் பார்க்கிறேன். தமிழ்க் காதுக்கு எதுகை விழுந்தாலே பாதி வேலை முடிந்தது. இயைபு தானாக வந்தால் வரட்டும்.

குறிலை இழுக்காதீர்கள்

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் அதிகம் வற்புறுத்த நினைக்கும் இடம், ஏனென்றால் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தமிழில் குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன இந்தக் கணக்கு, பாட்டு எழுதும்போது வந்து வாசலில் நிற்கும். மெட்டில் சுரம் நீண்டு நிற்கும் இடத்தில் குறில் எழுத்தை வைத்தால், பாடும்போது அது நெடிலாகிவிடும், சொல்லே மாறிவிடும். படு என்பது பாடு ஆகும். விடு என்பது வீடு ஆகும். கல் கால் ஆகும், பல் பால் ஆகும். நான் முதன்முதலில் எழுதிய ஒரு வரியில் "கையை விடு" என்று குழந்தை சொல்வதாக வரும். மெட்டு "வி"யில் நீண்டதால், கேட்டவர்கள் எல்லாம் "கையை வீடு" என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். மெட்டு எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்ததால் அதை மாற்ற மனமில்லாமல் இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் "கையைத் தா" என்று சொல்லை மாற்றியதும் அரை நிமிடத்தில் சரியானது. பாட்டின் பொருள் நேர் எதிராகப் போய்விட்டது என்பது வேறு கதை.

அதனால் நீளும் சுரத்துக்கு ஆ, ஈ, ஊ, ஏ, ஓ வரும் எழுத்துகளைத் தேடுங்கள். வேறு வழியே இல்லாவிட்டால் நன்றாக ஒலிக்கும் மெய்யில் நிற்கலாம். ம், ன், ல், ள் எல்லாம் இழுவை தாங்கும். க், ட், ப் தாங்காது.

இன்னொன்று, மூச்சு விடும் இடம். சொல்லின் நடுவில் மெட்டு உடைந்தால் ஒரு சொல் இரண்டு சொல்லாகும். "பலகை" என்பதை "பல" என்று நிறுத்தி "கை" என்று தொடர்ந்து பாடிப் பாருங்கள். கரும்பலகையைப் பற்றிய பாட்டில் திடீரென்று நிறையக் கைகள் முளைக்கும். எழுதியவருக்கு இது காதில் விழவே விழாது, ஏனென்றால் அவருக்குத்தான் சொல் தெரியுமே. வரியைப் படிக்காத ஒருவரிடம் பாடிக்காட்டி, என்ன கேட்டது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இதற்குப் பிள்ளைகளைவிட நல்ல ஆள் கிடையாது, புரியாததைப் புரிந்த மாதிரி நடிக்க அவர்களுக்கு இன்னும் தெரியாது.

வேகமும் நீளமும்

மெட்டைப் பாடிக்கொண்டே தொடையில் தட்டுங்கள். 15 வினாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை என்பது வந்துவிடும். சாக்ஸ் பாட்டில் 24 தட்டு வந்தது, அதாவது நிமிடத்துக்கு 96. அந்த எண்ணைப் பதிவின் பெயரோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை பாடும்போது கட்டாயம் வேறு வேகத்தில் ஆரம்பிப்பீர்கள்.

ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு வைத்தால் மேலே உள்ள இரண்டு வரிக்கும் சேர்த்து 8 எண்ணிக்கை, ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. 96 வேகத்தில் அது சரியாக 5 வினாடி. இரண்டு நிமிடப் பாட்டு என்றால் 24 ஆவர்த்தனம். நான் பிரித்துக்கொண்ட கணக்கு: தொடக்க இசை 2, பல்லவி 4, சரணம் 4, பல்லவி 2, இடை இசை 2, இரண்டாவது சரணம் 4, பல்லவி 4, முடிவு 2. இப்படி ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டால், இன்றைக்கு நிரப்ப வேண்டியது இரண்டாவது சரணத்தின் கடைசி இரண்டு வரி மட்டும்தான் என்று போகிற போக்கில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பாட்டு முழுதாக மிரட்டும், இரண்டு வரி மிரட்டாது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் அனுபல்லவி வேண்டுமா என்றால், முதல் பாட்டுக்கு வேண்டாம்.

தாலாட்டு என்றால் நடை வேறு. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடும்போது உடம்பு பெரும்பாலும் "தகிட தகிட" என்று மூன்று மூன்றாக ஆடும், அந்த ஆட்டத்தையே தாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போதும் படியேறும்போதும் வரும் மெட்டுகள் பெரும்பாலும் "தகதிமி" என்று நாலில் விழும்.

ராத்திரிச் சுருதியை நம்பாதீர்கள்

பிள்ளை தூங்குகிறதே என்று ராத்திரியில் கிசுகிசுவென்று பாடுகிறோம். அப்படிப் பாடும்போது குரல் தானாகக் கீழே இறங்கிவிடும், நமக்கும் அது ரொம்ப உருக்கமாகப் படும். மறுநாள் காலையில் வாய் திறந்து பாடினால் சத்தமே எழும்பாது, அடிச்சுரம் காற்றாகப் போகும். மெட்டில் குறையில்லை, சுருதிதான் தப்பு. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். ராத்திரி ஒரு கட்டையில் முணுமுணுத்ததைக் காலையில் இரண்டரைக்கோ மூன்றுக்கோ ஏற்றிப் பாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளையும் பாட வேண்டும் என்றால் இன்னும் கவனம் தேவை. நான்கைந்து வயதில் பெரும்பாலும் ஐந்தாறு சுரத்துக்குள்தான் குரல் வசதியாக ஓடும், கீபோர்டின் நடுப்பகுதியில் 2 கட்டையிலிருந்து 6 கட்டை வரை என்று வைத்துக்கொள்ளலாம். மேல் ஸ்தாயிக்கு, அதாவது மேலே உள்ள சுர வரிசைக்கு, எகிறும் மெட்டில் அவர்கள் பாட மாட்டார்கள், கத்துவார்கள்.

கீபோர்டு கிடைத்தால் ஒரு சுலப வழி உண்டு. கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை ச என்று வைத்துக்கொண்டால் அந்த ஐந்தும் ச ரி க ப த, மோகன ராகத்தின் சுரங்கள். எதற்குப் பின் எதை வாசித்தாலும் காதை உறுத்தாது. பிள்ளை கையால் தட்டினாலும்கூட ஏதோ இசை மாதிரிதான் கேட்கும், நமக்கு மெட்டும் கிடைக்கும், அவர்களுக்கும் பெருமை. தந்தி வாத்தியம்தான் வேண்டும் என்றால் நான் கிட்டாருக்கு முன்னால் யுகுலேலேயைச் சொல்வேன். நாலே தந்தி, நைலான் என்பதால் விரல் அவ்வளவாக வலிக்காது, சத்தமும் குறைவு.

பதிவு செய்வது

துணி அலமாரியைத் திறந்து வைத்து, தொங்கும் துணிகளைப் பார்த்தபடி பாடுங்கள், எதிரொலி அடங்கிவிடும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள், ப, ப்ப வரும்போது காற்று மோதாது. மின்விசிறியை நிறுத்துங்கள். பாடுவதற்கு முன் ஐந்து வினாடி சும்மா இருந்து அறையின் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டால், பிறகு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அதை மாதிரியாகக் காட்டி இரைச்சலைக் குறைக்கலாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. சத்த அளவுகாட்டி உச்சத்தில் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நின்றால் போதும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும், பிறகு எந்த மென்பொருளாலும் தைக்க முடியாது.

தாளத்தைக் காதில் கேட்டுக்கொண்டே பாட ப்ளூடூத் இயர்போன் வேண்டாம். அதில் சத்தம் 100, 200 மில்லி வினாடி தாமதமாகத்தான் வரும். எனக்குத் தாள ஞானமே இல்லையோ என்று ஒரு மாதம் நொந்துபோயிருந்தேன், கடைசியில் பார்த்தால் இயர்போன்தான் காரணம். கம்பியுள்ள இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு காதில் மட்டும். மற்ற காது பிள்ளைக்கு. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாடினால் பக்கத்து அறையில் எது விழுந்தாலும் தெரியாது.

முடிந்த பாட்டைச் சத்தத்தைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. மற்றவர்களுக்கு அனுப்ப எம்பி3 போதும். இரண்டு இடத்தில் நகல் இருக்கட்டும், போன் தண்ணீரில் விழுவது பிள்ளைகள் உள்ள வீட்டில் அதிசயமில்லை.

பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்த்துக்கொள்ளலாம், இழுக்கக் கூடாது. "எங்கே, அப்பா எழுதின பாட்டைப் பாடு" என்று வந்தவர்கள் முன்னால் நிறுத்தினால் அன்றோடு அந்தப் பாட்டு செத்தது. மாறாக, ஒரு வரியைப் பாதியில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். "மெத்தை கீழ எட்டிப் பாரு, அங்கே..." என்று நான் நிறுத்தியதும் மகள் "ஒரு எறும்பு தூங்குது" என்று முடித்தாள். சரணத்தில் அது அப்படியே இருக்கிறது. அவர்கள் சொல்லும் வரியைத் திருத்தாதீர்கள். மெட்டில் பொருந்தாவிட்டால் மெட்டை வளையுங்கள்.

விமர்சனமும் வரும். "இது நேத்து பாடின மாதிரியே இருக்கு" என்றாள் ஒரு நாள். இருந்தது. பாட்டு நன்றாக வந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, பொம்மையை வரிசையாக அடுக்கும்போது தானாக முணுமுணுக்கிறார்களா என்று பாருங்கள். எந்த வரியை மறந்து "லலலா" போடுகிறார்களோ, திருத்த வேண்டிய வரி அதுதான்.

ஹெட்போன் போட்டுப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆசைப்பட்டால் சத்தத்தைக் குறைத்துக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு அதே நேரத்துக்கு 75 தான். பெரும்பாலான நாள் ஸ்பீக்கரே போதும், கேட்டுக் கேட்டு நமக்கு அலுத்துவிடும் என்பதைத் தவிர அதில் வேறு கஷ்டமில்லை.

வெளியே விடுவதற்கு முன்னால்

மெட்டு நிஜமாகவே உங்களுடையதா என்று ஒரு முறை பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் "வந்த" மெட்டு, எப்போதோ கேட்ட பாட்டாக இருப்பது சகஜம். கூகுள் தேடலில் முணுமுணுத்தே பாட்டைக் கண்டுபிடிக்கும் வசதி 2020 முதல் இருக்கிறது, அதில் பாடிப் பாருங்கள். அப்புறம் பழைய பாட்டு நிறையக் கேட்கும் ஒருவரிடமும் பாடிக்காட்டுங்கள், மிஷினைவிட அவர்கள் பிடித்துவிடுவார்கள். என் மூன்றாவது பாட்டு அப்படித்தான் மாட்டியது.

சொந்தமாக எழுதிய பாட்டின் பதிப்புரிமைக்கு எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் பாட்டு உருவானதுமே உரிமை வந்துவிடுகிறது. தேதியோடு இருக்கும் அந்த அரைகுறைக் குரல் பதிவுகளும், அடித்துத் திருத்திய தாள்களும் ஒரு சாட்சியாக இருக்கட்டும். பொதுவில் போடும் பாட்டில் பிள்ளையின் முழுப் பெயர், பள்ளி, பிறந்த தேதி எதுவும் வர வேண்டாம். வீட்டுக்குள் பாட ஒரு வடிவம், வெளியே ஒரு வடிவம் என்று இரண்டு வைத்துக்கொள்வது பெரிய வேலையில்லை.

சின்னச் சின்ன சத்தங்களுக்காகத் திரும்பத் திரும்பப் பதிவு செய்துகொண்டிருக்காதீர்கள். சாக்ஸ் பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் யாரோ கதவைத் திறக்கும் சத்தம் விழுந்துவிட்டது. மூன்று முறை வெட்டிப் பார்த்தேன், தாளம் பிசகியது, அப்படியே விட்டுவிட்டேன். இப்போது மகள் அந்தப் பாட்டைப் பாடும்போது அந்த இடம் வந்ததும் நிறுத்தி, வாயாலேயே "க்ரீச்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறாள்.